சிறுமலையில் பழகி, கோமுகம் வரை: மலைக்காட்டையும் அதன் ஆறுகளையும் வரைபடமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மலையின் வரைபடம் கையில் கிடைத்தால் நான் முதலில் சிகரங்களைத் தேடுவதில்லை, ஓடைகளைத்தான் பார்க்கிறேன். எந்த ஓடையாவது மேட்டில் ஏறுகிறதா, இரண்டு ஓடைகள் கூட வேண்டிய இடத்தில்தான் கூடுகின்றனவா, நீர்ப்பிரிமுகட்டை (நீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகட்டை) எங்காவது ஒரு நீலக் கோடு வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்த்தால் போதும். இவை ஒழுங்காக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். எனவே நீரை முதலில் சரிசெய்யுங்கள், மலையைப் பிறகு வரையுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையில்தான் போகிறது.

மதுரையிலிருந்து ஆண்டுதோறும் பல குழுக்கள் இமயமலையில் கங்கோத்ரிக்கும், அங்குள்ள பனியாற்றின் முகமான கோமுகத்திற்கும் நடைப்பயணம் போகின்றன. கல்லூரிகளின் புவியியல் துறை மாணவர்களும் போகிறார்கள். அங்கே ஒரு நிலத்தோற்ற வரைபடம் தயாரிக்க விரும்புகிறவர்களுக்கு என் முதல் யோசனை, சிறுமலையில் தொடங்குங்கள் என்பதுதான். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்விடலாம். ஓர் ஓடையைத் தவறாக வரைந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிபார்க்கலாம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் அந்த வசதி கிடையாது.

முதல் படி: எல்லையை நீரால் வகுத்தல்

வரைபடத்தின் பரப்பை வட்ட எல்லை, மாவட்ட எல்லை, வனச்சரக எல்லை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே ஓர் ஓடையின் முழு நீர்ப்பிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்குச் சாத்தையாறு நல்ல தேர்வு. சிறுமலையின் தென்சரிவு நீரும் வகுத்துமலைப் பக்கத்து நீரும் சேர்ந்து பாலமேட்டுக்கு அருகிலுள்ள சாத்தையாறு அணைக்கு வருகின்றன. வாடிப்பட்டிப் பக்கத்துக் குட்லாடம்பட்டி அருவிக்கு வரும் நீரின் மேல்பகுதியை எடுத்தால் இன்னும் சிறிய வேலை, ஒரு மாதத்தில் முடிக்கலாம்.

ஏ3 தாளில் 1:25,000 அளவுத்திட்டத்தில் அச்சிட்டால் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நீளமும் ஏழு கிலோமீட்டர் அகலமும் அடங்கும். முதல் வரைபடம் அந்த அளவுக்குள் நிற்கட்டும். வருசநாடு மலையில் வைகையின் தலைப்பகுதியை வரைய ஆசை வரும், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது பெரிய பரப்பு, அடர்ந்த காடு. இரண்டாவது வரைபடமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: அனுமதி

வரைபடம் தயாரிக்கும் உரிமையும் காட்டுக்குள் கால் வைக்கும் உரிமையும் வேறு வேறு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டு நெறிகளின்படி இந்தியக் குடிமக்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவுகளைச் சேகரிக்கலாம், வெளியிடலாம். பாதுகாப்பு சார்ந்த நிலையங்களை அடையாளம் காட்டக்கூடாது. அவ்வளவுதான்.

காடு அப்படியல்ல. சிறுமலையின் பெரும்பகுதி காப்புக்காடு. வருசநாடு, மேகமலைப் பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்காதீர்கள், ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை காய்ந்த புல்லில் களப்பணி வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் சிறந்த காலம். ஓடைகளில் நீர் இருக்கும், வானம் தெளிந்திருக்கும்.

மூன்றாம் படி: உயரத் தரவு

இந்தியாவில் முறையான மலை அளவை 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்டனிடமிருந்து தொடங்குகிறது. குன்று இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களின் உச்சியே அவருக்கு அளவை நிலையமானது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) சேதமடைந்தது. அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். இன்று நமக்குத் தேவையான உயரங்கள் இணையத்தில் இலவசமாக, மூன்று தரவுத் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன.

எஸ்ஆர்டிஎம்: 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்தது. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு: 2011 முதல் 2015 வரை இரட்டைச் செயற்கைக்கோள்கள் எடுத்த ரேடார் பதிவுகளிலிருந்து உருவானது. கார்ட்டோடெம்: 2005இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து உருவாக்கி, இஸ்ரோவின் புவன் தளத்தில் தரப்படுகிறது. நான் கோப்பர்நிக்கஸைத்தான் முதலில் எடுப்பேன். ஓடைப் பள்ளங்கள் அதில் தெளிவாக விழுகின்றன.

மூன்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. அவை அளப்பது பெரும்பாலும் மர உச்சியை, தரையை அல்ல. சோலைக்காடு அடர்ந்த பள்ளத்தாக்கில் பதினைந்து மீட்டர் மரங்கள் இருந்தால் பள்ளத்தாக்கு ஆழம் குறைந்து தெரியும். பக்கத்தில் மரம் வெட்டிய தோட்டம் இருந்தால் காட்டின் விளிம்பே ஒரு செங்குத்துச் சரிவாக வரைபடத்தில் நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் காட்டு விளிம்பும் சரிவும் ஒரே கோட்டில் வந்தால் அந்தச் சரிவை நம்பாதீர்கள்.

தரவு ஒரு பாகைக்கு ஒரு பாகை சதுரங்களாகக் கிடைக்கும். சிறுமலைக்கு வ10-கி077, வ10-கி078 (வடக்கு 10 பாகை, கிழக்கு 77, 78 பாகை) என இரண்டு சதுரங்கள் வேண்டும். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

நான்காம் படி: மலையைக் கிழிக்கும் 78 பாகைக் கோடு

உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும் சந்திப்பது 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில். மதுரையிலிருந்து சோழவந்தானுக்குப் போகிறவர் அந்தக் கோட்டை வழியில் கடந்துவிடுகிறார். மதுரை 44இல், சோழவந்தானும் திண்டுக்கல்லும் 43இல் இருக்கின்றன. சிறுமலை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள் பிரிப்பிலும் இதே கோடுதான் எல்லை. மேற்கே 58எஃப், கிழக்கே 58ஜே.

குழுவில் ஒருவர் 43இலும் மற்றொருவர் 44இலும் வேலை செய்தால் இரண்டு பகுதிகளும் ஒட்டாது. இரு மண்டலங்களின் கட்டங்களும் இங்கே ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்திருக்கும். ஏதாவது ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து முழு மலையையும் அதிலேயே வையுங்கள். மண்டல விளிம்பைச் சற்றுத் தாண்டுவதால் வரும் நீளப் பிழை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான், வரைபடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கியூஜிஐஎஸ் மென்பொருளில் 44க்கான எண் இபிஎஸ்ஜி 32644, 43க்கு 32643. வருசநாட்டுக்கு 43, கோமுகத்திற்கு 44.

இரண்டு சதுரங்களையும் முதலில் ஒன்றாக இணைத்து, பிறகு யுடிஎம்முக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ‘நியரஸ்ட்’ முறை வேண்டாம், அது படிக்கட்டுத் தடங்களை உண்டாக்கும். ‘பைலீனியர்’ அல்லது ‘கியூபிக்’ தேர்ந்தெடுங்கள். 2005க்கு முந்தைய டோப்போ ஷீட்டை (அந்தத் துறையின் நிலத்தோற்றத் தாளை) பின்னணியாக வைக்க விரும்பினால் அது பழைய எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியில்) வரையப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். உரிய மாற்றம் செய்யாமல் போட்டால் எல்லாம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

ஐந்தாம் படி: எந்தக் கடல் மட்டம்?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் மிகுதி. நம் பக்கத்தில்தான் அது மிகப் பெரிய பிழையைத் தரும். ஜிபிஎஸ் தானாகக் கணக்கிடும் உயரம் ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. உண்மையான கடல் மட்டம் புவியீர்ப்பைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்த மட்டத்தை ஜியாய்டு என்கிறார்கள். உலகிலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, நீள்கோளத்தை விட ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. அந்தத் தாழ்வின் சரிவில்தான் மதுரை இருக்கிறது. இங்கே வித்தியாசம் 90 மீட்டருக்குச் சற்று மேல்.

எனவே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் மதுரையில் நின்றுகொண்டு பார்த்தாலும், திருத்தம் செய்யாத செயலி மிகச் சிறிய எண்ணைக் காட்டும். கார்ட்டோடெம் உயரங்கள் நீள்கோளத்திலிருந்து அளக்கப்பட்டவை. அதைத் திருத்தாமல் திறந்தால் இராமநாதபுரக் கடற்கரை கடலுக்கு அடியில் போய்விடும். எஸ்ஆர்டிஎம் 1996ஆம் ஆண்டு ஜியாய்டு மாதிரியையும் கோப்பர்நிக்கஸ் 2008ஆம் ஆண்டு மாதிரியையும் கொண்டவை, அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையின் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த நிலையத்தின் உயரம் எழுதியிருக்கும். பிளாட்பாரத்தில் பலகைக்கு அருகே செல்போனை வைத்துச் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். வித்தியாசம் ஐந்து, பத்து மீட்டர் என்றால் செயலி திருத்தம் செய்கிறது. தொண்ணூறு என்றால் செய்யவில்லை. மதுரை, சோழவந்தான், கொடைரோடு, திண்டுக்கல் என நான்கு நிலையங்களில் பார்த்துவிட்டால் மலையேறும் முன்பே உங்கள் கருவியின் குணம் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: ஓடைகளை வரைதல்

இங்கே நேரம் செலவிடுங்கள். கியூஜிஐஎஸ்ஸோடு வரும் கிராஸ் தொகுப்பில் ஆர்.வாட்டர்ஷெட் என்ற கருவி இருக்கிறது. உயரத் தரவின் ஒவ்வொரு கட்டத்திலும் விழும் நீர் எந்தப் பக்கம் போகும், எந்தக் கட்டத்தின் வழியே எத்தனை கட்டங்களின் நீர் போகிறது என்று கணக்கிடும். எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் அதை ஓடை என்று அழைப்பது என்ற முடிவை மட்டும் அது உங்களிடம் விட்டுவிடும்.

30 மீட்டர் கட்டம் என்றால் 900 சதுர மீட்டர். வரம்பை 500 என்று வைத்தால் 45 ஹெக்டேர் நீர் சேரும் இடத்தில் ஓடை தொடங்கும். 100 என்று வைத்தால் 9 ஹெக்டேரிலேயே தொடங்கிவிடும், மலை முழுக்க நரம்பு நரம்பாகக் கோடுகள் நிறையும். எது சரி என்பது பாறை, மண், மழை, காடு ஆகியவற்றைப் பொறுத்தது. கணினியில் 300 வைத்து ஆரம்பியுங்கள். பிறகு மலையில் மூன்று, நான்கு ஓடைகளின் தலையைத் தேடிப் போங்கள். இரு கரையும் படுகையும் தெளிவாகப் பிரிந்து தெரியும் முதல் இடம்தான் ஓடையின் தலை. அங்கே ஒரு புள்ளி பதிவு செய்து, அந்தப் புள்ளிக்குக் கணினியில் எத்தனை கட்டங்கள் சேர்கின்றன என்று பாருங்கள். அந்த எண்களின் நடுமதிப்பே உங்கள் மலையின் வரம்பு. சிறுமலையின் ஈரமான மேட்டுப்பகுதிக்கும் வறண்ட கிழக்குச் சரிவுக்கும் இரண்டு வரம்புகள் தேவைப்படலாம், தயங்காமல் வையுங்கள்.

கருவி தவறும் இடங்கள் மூன்று.

ஒன்று, சமதளம். சிறுமலையின் மேல்தட்டுப் போல நிலம் படுத்திருக்கும் இடங்களில் ஓடைகள் அளவுகோல் வைத்து இழுத்த நேர்க்கோடுகளாக வரும். அங்கே நேர்க்கோட்டை அழித்துவிட்டு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையால் வரைய வேண்டும்.

இரண்டு, கண்மாய்கள். பள்ளங்களை நிரப்பும் வழிமுறைகள் எல்லாப் பள்ளத்தையும் தரவுப் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பள்ளம் என்பது பல நூற்றாண்டுகளாக நம் முன்னோர் வெட்டிக் காத்துவந்த நீர்நிலை. மூன்று, நான்கு மீட்டர் உயரக் கரை 30 மீட்டர் கட்டத்தில் கரைந்துபோகும், கணினியின் ஓடை கரையை உடைத்துக்கொண்டு நேரே போகும். உண்மையில் நீர் மடை வழியாகவும் கலுங்கு வழியாகவும் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அடிவாரத்தில் ஒவ்வொரு கண்மாயையும் தனிப் பரப்பாக வரைந்து, கலுங்கு இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் குறியுங்கள்.

மூன்று, மனிதன் வெட்டிய வழி. வைகையின் நீர்ப்பிடிப்பை வரையச் சொன்னால் எந்த மென்பொருளும் முல்லைப்பெரியாற்றைச் சேர்க்காது. அது மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு. 1895 முதல் அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, சுருளியாற்றில் கலந்து வைகைக்கு வருகிறது. சுரங்கத்தைத் தனிக் குறியீட்டால் காட்டாத வரைபடம் வைகை அணையின் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கே தவறான விடை சொல்லும்.

ஏழாம் படி: சமவுயரக் கோடுகள்

ஓடைகள் சரியானபின் இது எளிது. உயரத் தரவை லேசாக மென்மைப்படுத்தி, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை 20 மீட்டர் இடைவெளியில் உருவாக்குங்கள். ஒவ்வோர் ஐந்தாவது கோட்டையும் தடிமனாக்கி உயரத்தை எழுதுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவும் 1:50,000 தாள்களில் இந்தப் பக்கத்து மலைகளுக்கு 20 மீட்டர்தான் வைக்கிறது. 10 மீட்டர் இடைவெளி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மரக்காட்டில் இந்தத் தரவு அந்த நுட்பத்தைத் தாங்காது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் கோடு மலையேறுபவரை ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் அதன் வளைவின் முனை ஓடையின் மேல்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். முனை ஓடையை விட்டு விலகியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. மேடுபள்ளத்தை நிழலால் காட்டும் நிழல்தோற்றத்திற்கு ஒளியை வடமேற்கிலிருந்து, 315 பாகையில் வையுங்கள். தெற்கிலிருந்து வைத்தால் பள்ளத்தாக்குகள் மேடாகத் தெரியும்.

எட்டாம் படி: களப்பணி

சிகரத்தைவிட ஓடைகள் கூடும் இடங்கள்தான் சிறந்த சோதனைப் புள்ளிகள். உயரத் தரவிலும் செயற்கைக்கோள் படத்திலும் காலடியிலும் அவை தெளிவாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கூடுமிடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு புள்ளியிலும் செல்போனையோ கைக்கருவியையோ ஒரு பாறைமேல் வைத்துப் பத்து நிமிடம் பதிவாகவிட்டு, சராசரியை எடுங்கள். திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் நிற்கும் துல்லியம் மரநிழலில் பத்தைத் தாண்டும். கருவி வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் ஓடையைப் படியுங்கள். நீர் ஓடும் அகலம், படுகையின் அகலம், படுகையில் இருப்பது மணலா, உருண்டைக் கல்லா, வெறும் பாறையா என்று எழுதுங்கள். பிறகு கரையோரப் புதர்களைப் பாருங்கள். கிளைகளின் கவட்டில் சருகும் நாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிக்கியிருக்கும். தரையிலிருந்து அந்தச் சருகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவரை கடைசி வெள்ளம் வந்திருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் இதைச் சொல்லாது. ‘மழையில் கடக்க முடியாது’ என்ற குறிப்பை இதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

தேதியை எழுதாமல் ஓடையைப் பதிவு செய்யாதீர்கள். ஜனவரியில் ஓடுவது ஏப்ரலில் வெறும் கல்லாக இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா தாள்களில் வறண்டுபோகும் ஓடை கறுப்பிலும் நீர் நிற்பது நீலத்திலும் வருவது இதனால்தான். நீங்களும் அதையே பின்பற்றலாம்.

தனியாகப் போகாதீர்கள். சிறுமலையில் காட்டுமாடுகள் உண்டு. ஓடைத் திருப்பங்களில் நீர்ச் சத்தத்தில் உங்கள் வரவு அவற்றுக்குக் கேட்காது.

ஒன்பதாம் படி: பெயர்கள்

மலையில் பெயரில்லாத ஓடை அபூர்வம். பளியர் குடியிருப்புகளிலும் வாழை, காப்பித் தோட்டங்களிலும் பெரியவர்களிடம் கேளுங்கள். “இந்த ஓடைக்கு என்ன பேர், அய்யா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “மேலே இருப்பவர்களும் இப்படித்தான் சொல்வார்களா?” என்றும் கேளுங்கள். ஒரே ஓடைக்கு மேலே ஒரு பெயரும் அடிவாரத்தில் வேறு பெயரும் இருக்கும். இரண்டையும் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். சுனை, மடு, கசம், கணவாய், மொட்டை என்று அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே வையுங்கள். அவர்கள் வெளியே சொல்ல விரும்பாத வழிபாட்டு இடங்களையும் தேன் எடுக்கும் பாறைகளையும் வரைபடத்தில் போடக்கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

பத்தாம் படி: பனியாற்றுக்குப் போகும்போது மாறுபவை

கங்கோத்ரி பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். அதன் முகமான கோமுகத்திலிருந்துதான் பாகீரதி புறப்படுகிறது. கங்கோத்ரியிலிருந்து கோமுகத்திற்கு 18 கிலோமீட்டர் நடை. தேசியப் பூங்கா அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் கிடைக்கும். செயற்கைக்கோள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் என்பதையும் குழுவினருக்குச் சொல்லிவிடுங்கள்.

அங்கே மலை நிற்கிறது, பனி நகர்கிறது. கோமுகம் பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் அளவில் பின்வாங்கி வருகிறது. 2000ஆம் ஆண்டின் எஸ்ஆர்டிஎம் தரவில் பனியாக இருக்கும் இடம் இன்று உருண்டைக் கற்களாக இருக்கும். தவிர, அந்த ரேடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் ஊடுருவிவிடும், மேல்பகுதியில் உயரம் குறைந்து பதிவாகும். எனவே பாறைச் சரிவுகளுக்கு உயரத் தரவை நம்பலாம். பனிப்பரப்புக்கு அது எடுக்கப்பட்ட ஆண்டைத் தாளிலேயே எழுத வேண்டும். பனியாற்றின் மேல் செல்லும் சமவுயரக் கோடுகளைப் பழுப்பில் போடாமல் நீலத்தில் போடுவது வழக்கம். இடைவெளியை 40 மீட்டராக்குங்கள்.

பனியின் எல்லையை வரைய சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதும். செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்துப் படத்தை எடுங்கள். புதுப்பனி விழுமுன் பழைய பனி மட்டும் தெரியும் காலம் அது. பச்சைப் பட்டையிலிருந்து குற்றலை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.4க்கு மேல் வருவது பனி. ஆனால் கங்கோத்ரியின் கீழ்ப்பகுதி முழுக்கக் கற்குவியல் மூடியது, கணக்கு அதைப் பாறை என்று சொல்லிவிடும். அங்கே பனி விளிம்பைக் கண்ணால் பார்த்துத்தான் வரைய வேண்டும். உலகப் பனியாறுகளைத் தொகுத்த ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் எல்லைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றை வரைவதும் வேறுவிதம். சிறுமலை ஓடை மழையைப் பார்த்து ஏறும், பனியாற்று நீர் வெயிலைப் பார்த்து ஏறும். விடியலில் முழங்கால் அளவு இருக்கும் கிளையோடை மாலையில் கடக்க முடியாததாகிவிடும். ஆகவே தேதியோடு மணியையும் எழுதுங்கள். பாறை அரைபட்ட மாவு கலந்த அந்தச் சாம்பல் நீரில் ஆழம் தெரியாது. சரிவு குறையும் இடத்தில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கூடும், கிளைகள் ஒரு பருவத்திலேயே இடம் மாறும். ஒவ்வொரு கிளையையும் வரையாமல், ஆறு அலையும் முழுப் படுகையின் இரு விளிம்புகளையும் வரைந்து உள்ளே மணல், கல் குறியீடு போடுங்கள். பனி முகத்தின் அருகே தேங்கும் சிறு ஏரிகளைக் கட்டாயம் குறிக்க வேண்டும். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினிக் கரையையே மாற்றிவிட்டது.

கடைசிப் படி: தாளின் ஓரம்

அச்சிடும்போது ஓரத்தில் இவை இருக்கட்டும்: அளவுத்திட்டம், யுடிஎம் மண்டலம், உயரத் தரவின் பெயரும் அது எடுக்கப்பட்ட ஆண்டும், ஜியாய்டு மாதிரி, செயற்கைக்கோள் படத்தின் தேதி, களப்பணி நடந்த மாதம். நேரில் நடந்து பார்த்த ஓடைகளை முழுக் கோட்டிலும் கணினி மட்டுமே சொன்ன ஓடைகளை விட்டுவிட்ட கோட்டிலும் போடுங்கள். ஓடைப் பெயர்களை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழிலேயே ஏற்றுங்கள். அச்சுப் பிரதியில் ஒன்றை உங்களை அழைத்துச் சென்ற வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், ஒன்றைப் பெயர் சொன்ன பெரியவர்களுக்கும் கொடுத்து, சிவப்புப் பேனாவையும் கூடவே கொடுங்கள். அவர்கள் திருத்திக் கொடுத்த தாள்தான் உங்கள் இரண்டாம் பதிப்பு.